கண்ணுக்குத் தெரியாத தூசியும் நம் வீட்டு உணவும்



ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஆற்றல் மூலங்களைப் பற்றிய அறிவியல் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தோம். நிலக்கரி, பெட்ரோலியம், நீர், கதிரவன் என்னும் வரிசையில் அணுவாற்றலும் வந்தது. அணு உலைகளில் அரிதாக விபத்து நேர்வதுண்டு என்பதையும், அப்போது கதிரியக்கத் தூசி காற்றில் கலந்து தொலைவான ஊர்களிலும் படியக்கூடும் என்பதையும் விளக்கினோம். உடனே ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. "ஐயா, அந்த ஊரில் மாடு வளர்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பாலைக் கொட்டிவிட வேண்டுமா?" என்று வினவினாள்.

மணி அடித்துவிட்டபடியால் அன்று முழு விடை கூற இயலவில்லை. ஆயினும் அது எளிய வினா அன்று. ஒரு பெரிய நாட்டின் அதிகாரிகள் உரிய நேரத்தில் தம் மக்களுக்கு விடை கூறத் தவறிய வினா அது. அதற்குரிய விடையை நம் பள்ளி ஆண்டுமலரின் வாயிலாக அம்மாணவிக்கும் உங்கள் அனைவர்க்கும் அளிக்க விழைகின்றோம்.

கொட்டப்பட்ட பால்மாவு

முதலில் எம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 1986ஆம் ஆண்டு யாம் இடைநிலைப் பள்ளியில் பயின்று கொண்டிருந்தோம். செர்னோபில் என்னும் ஊரில் அணு உலை வெடித்தது என்னும் செய்தி வானொலியில் வந்தது. சில வாரங்களில் எம் தோட்டத்தில் ஒரு பேச்சுப் பரவியது. "வெளிநாட்டுப் பால்மாவில் நஞ்சு கலந்துவிட்டது, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்" என்று ஒருவர் கூற, மற்றவர் அதை வளர்க்க, வீட்டுக்கு வீடு அச்சம் குடிபுகுந்தது. எம் தாயார் அரை டின் பால்மாவைச் சாக்கடையில் கொட்டினார். நான்கு வயதுத் தங்கைக்கு அதன்பின் சில வாரங்கள் கஞ்சித் தண்ணீரும் பாலில்லாக் காப்பியுமே கிடைத்தன.

பின்னர் ஒரு நாள், எம் வீட்டுக்கு வந்த தோட்டத்துக் கிராணியார் அந்த வெற்று டின்னை எடுத்து அடிப்பகுதியைப் பார்த்தார். அதில் அச்சிடப்பட்டிருந்த தேதி, விபத்துக்கு மூன்று மாதங்களுக்கு முற்பட்டதாக இருந்தது. விபத்து நிகழ்வதற்கு முன்பே அடைத்து மூடப்பட்ட பால்மாவில் அவ்விபத்தின் தூசி எவ்வாறு புகும்? "இதை முன்னமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?" என்று எம் தாயார் வருந்திக் கேட்டது இன்றும் எம் நினைவில் உள்ளது. அக்குழந்தை பாலின்றி வாடியதற்குக் கதிரியக்கம் காரணமன்று; அறியாமையே காரணம்.

ஒளியும் கரியும்

கதிரியக்கம் என்றால் என்ன? சில பொருள்களின் அணுக்கள் நிலையற்றவை. அவை தாமே சிதைந்து, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வெளியிடுகின்றன. இவ்வியல்பை 1896ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெக்கரல் கண்டறிந்தார். ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால், அந்த அளவை ஒரு பெக்கரல் என்று அவர் பெயராலேயே வழங்குகின்றோம்.

மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து ஒளி வருகிறது, கரியும் வருகிறது. ஒளி பட்ட சோறு ஒளிவிடத் தொடங்குவதில்லை. விளக்கை அகற்றினால் ஒளியும் அகன்றுவிடும். கரி அப்படியன்று. அது சோற்றின்மீது படிந்தால் அங்கேயே தங்கிவிடும். கதிர் என்பது விளக்கின் ஒளியைப் போன்றது. கதிரியக்கத் தூசி என்பது விளக்கின் கரியைப் போன்றது. மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் பிறருக்குக் கதிர் வீசுவதில்லை. நுண்ணுயிர்களைக் கொல்வதற்காகக் கதிர்பாய்ச்சிப் பதப்படுத்திய உணவும் அவ்வாறே கதிரியக்கம் உடையதாக மாறுவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது, அணு உலை விபத்தின்போது பறந்து வந்து உணவின்மீது படியும் கரியையே, அஃதாவது தூசியையே.

மற்றொன்றையும் மறவாதீர்கள். இயற்கையிலேயே எல்லா உணவிலும் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உடையது. நம் உடம்பிலும் அது உண்டு. அந்தச் சிற்றளவை அஞ்சி வாழைப்பழத்தை வெறுக்க வேண்டியதில்லை. அளவே இங்கு முதன்மையானது.

புல்லிலிருந்து கழுத்து வரை

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நள்ளிரவு கடந்து 1.23 மணிக்கு, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியாத்து நகர மக்கள் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். 28ஆம் நாள் காலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சுவீடன் நாட்டு அணுமின் நிலையம் ஒன்றில், பணியாளரின் காலணியில் கதிரியக்கத் தூசி இருப்பதைக் கருவிகள் காட்டின. அன்று மாலையில்தான் சோவியத் அரசு விபத்தைப் பற்றிய சுருக்கமான அறிவிப்பை வெளியிட்டது.

அது வேனில் தொடங்கும் காலம். உக்ரைனிலும் பெலாரசிலும் உள்ள சிற்றூர்களில் மாடுகள் புதுப்புல் மேய்ந்து கொண்டிருந்தன. காற்றில் வந்த தூசி புல்லின்மீது படிந்தது. அதில் அயோடின் 131 என்னும் பொருள் இருந்தது. மாடு ஒரு நாளில் பரந்த நிலத்துப் புல்லை மேய்கிறது. ஆதலால் அந்நிலம் முழுவதிலும் படிந்த அயோடினில் ஒரு பகுதி அதன் மடிக்கு வந்து சேர்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தனர். நம் கழுத்தில் தைராய்டு என்னும் சுரப்பி உள்ளது. அது உடலுக்கு வேண்டிய அயோடினை ஈர்த்து வைத்துக்கொள்வது. நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்கு வேறுபாடு தெரியாது. குழந்தைகளின் சுரப்பி மிகச் சிறியது. அவர்கள் குடிக்கும் பாலோ மிகுதி. ஆகவே தீங்கும் அவர்களுக்கே மிகுதியாயிற்று.

பல சிற்றூர்களுக்கு, "இப்பாலைக் குடிக்காதீர்கள்" என்னும் எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. அன்னையர் தம் வீட்டுப் பசுவின் பாலை அன்போடு காய்ச்சித் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். அந்தப் பாலில் நிறமாற்றம் இல்லை, மணமாற்றம் இல்லை, சுவைமாற்றமும் இல்லை. பெலாரசு, உக்ரைன், உருசியாவின் பாதிக்கப்பட்ட பகுதிகள் ஆகியவற்றில், விபத்தின்போது சிறுவராகவும் இளைஞராகவும் இருந்தோரிடையே 2005ஆம் ஆண்டுக்குள் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதிக்கு அந்தப் பாலே காரணம் என்று ஐக்கிய நாட்டு அவையின் அறிவியற் குழு அறிவித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவத்தால் உயிர் பிழைத்தனர் என்பது ஆறுதல். ஆயினும், ஒரே ஒரு சொல் உரிய நாளில் சொல்லப்பட்டிருந்தால் அவர்களுள் பலர்க்கு அந்நோயே வந்திராது.

சொல்லிக் காத்தவர்கள்

அதே தூசி அண்டை நாடாகிய போலந்துக்கும் சென்றது. அங்கு ஏப்ரல் 29ஆம் நாளிலேயே குழந்தைகளுக்கு நல்ல அயோடின் கரைசல் கொடுக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றனர். மேய்ச்சல் மாட்டின் பாலைச் சிறுவர்களுக்குக் கொடுப்பது தடுக்கப்பட்டுப் பால்மாவு வழங்கப்பட்டது. சுரப்பி நல்ல அயோடினால் நிறைந்துவிட்டால், பின்னர் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கு இடமிராது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாதன்றோ?

இதற்கு முன்பே, 1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள வின்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியது. சுற்றுப்புறத்தில் ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள பண்ணைகளின் பாலை மக்கள் குடியாதவாறு அரசு தடுத்தது. சில வாரங்கள் அப்பால் கொட்டப்பட்டது. உழவர்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. பாலை இழந்தனர், பிள்ளைகளைக் காத்தனர்.

எட்டு நாள் கணக்கு

மாணவர்களே! இனி ஒரு கணக்கைச் செய்வோம். கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்தில் பாதியாகக் குறையும். அக்காலத்தை அரைவாழ்வு என்பர். அயோடின் 131இன் அரைவாழ்வு 8 நாள். ஒரு லிட்டர்ப் பாலில் 800 பெக்கரல் அயோடின் இருப்பதாகக் கொள்வோம். 8 நாளில் 400. 16 நாளில் 200. 24 நாளில் 100. 32 நாளில் 50. 40 நாளில் 25. இவ்வாறு 80 நாள் கழிந்தால் பத்து முறை பாதியாகி, ஒரு பெக்கரலுக்கும் குறைந்துவிடும்.

இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அயோடின் மட்டும் கலந்த பாலைப் பால்மாவாகவோ பாலாடைக் கட்டியாகவோ மாற்றிச் சில மாதங்கள் சேமித்து வைத்தால், அது மீண்டும் உண்ணத்தக்க உணவாகிவிடும். ஆகவே எல்லா வேளையிலும் பாலைக் கொட்ட வேண்டும் என்பதில்லை. காலமே அதைத் தூய்மையாக்கும்.

ஆனால் சீசியம் 137 என்னும் பொருளின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டு. பொறுத்திருந்து அதை வெல்ல முடியாது. அது பொட்டாசியத்தைப் போன்ற இயல்புடையது. எண்ணெய்ப்பனைக்குப் பொட்டாசு உரம் இடும் நம் தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்ணில் பொட்டாசியம் குறைந்திருந்தால், செடி அதைத் தேடும்போது சீசியத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் சீசியத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். சப்பான் நாட்டில் 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியதால் புக்குஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. அதன்பின் அப்பகுதி உழவர்கள் மேல்மண்ணை அகற்றியும், வயலுக்குப் பொட்டாசு உரம் இட்டும் நெல்லைக் காத்தனர். நாம் நாள்தோறும் கையாளும் உரமே அங்குக் கேடயமாயிற்று.

வீட்டுத் தோட்டமும் கறவை மாடும்

அணு உலை விபத்து நேர்ந்த பகுதியில் வாழ்வோர் தம் வீட்டு உணவைக் காக்கும் வழிகளை இனி வரிசையாகக் காண்போம்.

1. அரசு அறிவிப்பைக் கேட்டவுடன், தூசி வந்து சேர்வதற்கு முன்பே மாடு, ஆடு, கோழிகளைக் கொட்டகைக்குள் அடைக்க வேண்டும். மேய்ச்சலுக்கு விடலாகாது. முன்பே அறுத்து, மூடி வைத்திருந்த தீவனத்தையும் மூடிய தொட்டியின் நீரையுமே கொடுக்க வேண்டும்.

2. கிணறு, தண்ணீர்த் தொட்டி, தீவனக் குவியல் ஆகியவற்றைத் தார்ப்பாயால் மூட வேண்டும். கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துப் புழங்கக் கூடாது. மழையே தூசியை மிகுதியாக நிலத்துக்குக் கொண்டுவருவது.

3. நேரமிருந்தால், முற்றிய காய்கனிகளைத் தூசி வருமுன் பறித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

4. தூசி படிந்தபின், சோதனை முடிந்து அறிவிப்பு வரும்வரை திறந்தவெளிக் கீரைகளை உண்ணலாகாது. பசலை, முருங்கை, கங்கோங் போன்ற கீரைகளின் இலைகள் தூசியை ஏந்தும் தட்டுகள் ஆகும். மண்ணுக்குள் இருக்கும் மரவள்ளி, சர்க்கரைவள்ளிக் கிழங்குகளின்மீது தொடக்கத்தில் தூசி நேரே படிவதில்லை.

5. உண்ணலாம் என்று அனுமதிக்கப்பட்ட காய்களையும் ஓடும் நீரில் நன்கு கழுவி, தோல் சீவி, வெளி இலைகளை நீக்கிச் சமைக்க வேண்டும். காய் வெந்த நீரைக் கொட்டிவிட்டால் சீசியத்தின் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும்.

6. காட்டுக் காளான், வேட்டை இறைச்சி, குளத்து மீன் ஆகியவற்றைச் சோதிக்காமல் உண்ணலாகாது. காட்டு மண்ணில் சீசியம் நெடுங்காலம் சுழன்றுகொண்டே இருக்கும். செர்னோபில் தூசி படிந்த பிரித்தானிய மலைப்பகுதிகள் சிலவற்றில் ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீங்கியது.

7. பாலில் சீசியம் இருப்பின், அதன் பெரும்பகுதி மோரோடு போய்விடும். வெண்ணெயிலும் நெய்யிலும் மிகக் குறைவாகவே தங்கும். பெலாரசிலும் நார்வேயிலும் மாடு ஆடுகளுக்குப் பிரஷ்ய நீலம் என்னும் மருந்தைக் கொடுத்து, சீசியம் சாணத்தோடு வெளியேறுமாறு செய்தனர். இவற்றையெல்லாம் அதிகாரிகளின் வழிகாட்டுதலோடு செய்ய வேண்டுமேயன்றித் தாமாகச் செய்யலாகாது.

கடையில் வாங்கும் உணவு

கடை உணவைக் காப்பது இதைவிட எளிது. தகர டப்பாவிலும், புட்டியிலும், இறுக மூடிய பையிலும் உள்ள உணவுக்குள் தூசி புகுவதில்லை. டப்பாவின் மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்தபின் திறந்தால் போதும். வாய் திறந்த அரிசி மூட்டை, கூடைக் காய்கறி, மூடாத பலகாரம் ஆகியவையே கவனத்துக்கு உரியவை. அடைத்த நாளைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். எம் தாயாரின் டின் கற்பித்த பாடம் இது.

ஆனால் விளைபொருளுக்குள்ளேயே சீசியம் இருந்தால் கண்ணால் காண முடியுமா? முடியாது. அதற்குக் கருவி வேண்டும். நேர்மையான அளவு வேண்டும். சப்பானில் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுக்கு ஒரு கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கும் மழலை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10 எனச் சீசியத்துக்கு எல்லை வகுத்தனர். புக்குஷிமா மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு விளைந்த நெல்லின் ஒவ்வோர் அரிசி மூட்டையும், ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகள், கருவியின் வழியே சென்றன. அவற்றுள் எல்லையைக் கடந்தவை 71 மட்டுமே. 2015ஆம் ஆண்டு விளைச்சலில் ஒரு மூட்டைகூட எல்லையைக் கடக்கவில்லை. அளந்து காட்டியதால் வாங்குவோர் அச்சம் தணிந்தது. விளைவித்தோர் வாழ்வும் மீளத் தொடங்கியது.

2011 மார்ச்சு 23ஆம் நாள் தோக்கியோ மாநகரக் குடிநீரில், கைக்குழந்தைகளுக்குரிய எல்லையான 100 பெக்கரலைக் கடந்து 210 பெக்கரல் அயோடின் காணப்பட்டது. அன்றே அறிவித்தனர், குழந்தை உள்ள வீடுகளுக்குப் புட்டித் தண்ணீர் வழங்கினர். மறுநாள் அளவு குறைந்ததும் அதையும் அறிவித்தனர். சிங்கப்பூர் அரசு அவ்வாண்டு சப்பானின் சில மாநிலங்களிலிருந்து வரும் உணவுப் பொருள்களை நிறுத்தி வைத்தது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் அங்கிருந்து வந்த உணவைச் சோதித்தது. கடையில் வாங்கும் உணவுக்கு இத்தகைய சோதனையே காவல்.

செய்யத் தகாதவை

கொதிக்க வைத்தால் கிருமி இறக்கும், கதிரியக்கம் இறவாது. நீரைச் சுண்டக் காய்ச்சினால் தூசி குறைவதில்லை. எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். 2011 மார்ச்சில் சீன நகரங்கள் பலவற்றில் மக்கள் முண்டியடித்து உப்பை வாங்கிக் குவித்தனர். அயோடின் கலந்த உப்பு அன்றாட நலத்துக்கு நல்லது. ஆனால் விபத்தின்போது சுரப்பியைக் காக்குமளவு அயோடின் அதில் இல்லை. அதற்காக உப்பை அள்ளித் தின்றால் உடல்தான் கெடும். புண்ணுக்குப் பூசும் அயோடினைக் குடிப்பது பெருந்தீங்கு. அயோடின் மாத்திரையை மருத்துவ அதிகாரிகள் கூறும்போது மட்டுமே, கூறும் அளவு மட்டுமே உட்கொள்ள வேண்டும். அது சீசியத்துக்கு மருந்தன்று.

மாணவிக்கு நம் விடை

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. பிறகு இப்பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காற்றுக்கும் கடலுக்கும் எல்லைக் கல் இல்லை; கடைக்கு வரும் உணவோ பல நாடுகளிலிருந்து வருகிறது. இவற்றினும் விரைந்து வருவது வதந்தி. அன்று தோட்டத்தில் வாய்வழி பரவியது. இன்று கைப்பேசி வழி நொடியில் பரவுகிறது. உண்மையை அறிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் அவ்வீடு தப்பும்.

ஆகவே, மகளே, உன் வினாவுக்கு விடை இதுதான். முதலில் மாட்டைக் கொட்டகைக்குள் கட்டி, மூடி வைத்த தீவனத்தைக் கொடுக்க வேண்டும். மேய்ந்த மாட்டின் பாலைச் சோதனை முடியும்வரை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. கொட்ட வேண்டுமா, பதப்படுத்திக் காத்திருக்க வேண்டுமா என்பதை அளந்து பார்த்தவர் கூறுவர். அதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்கும் நீயே எடுத்துச் சொல்ல வேண்டும். எழுத்தறியாத பாட்டி ஒருவர் அவ்வீட்டில் இருப்பின், அவருக்குப் புரியும்படி இருமுறை சொல்ல வேண்டும். செர்னோபிலைச் சூழ்ந்த சிற்றூர்களில் நல்ல மாடுகள் இருந்தன. அன்பான அன்னையர் இருந்தனர். உரிய நேரத்தில் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

அஞ்ச வேண்டியதை அறிந்து அஞ்சுவோம். அஞ்ச வேண்டாததை அறிந்து தெளிவோம். அறிந்ததைப் பிறர்க்கும் உரைப்போம்.

பயிற்சி வினாக்கள்

1. கதிருக்கும் கதிரியக்கத் தூசிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கின் துணைகொண்டு விளக்குக.

2. ஒரு லிட்டர்ப் பாலில் 640 பெக்கரல் அயோடின் 131 உள்ளது. அது 20 பெக்கரலாகக் குறைய எத்தனை நாள் ஆகும்?

3. சீசியத்தைத் தடுக்கப் பொட்டாசு உரம் உதவுவது எவ்வாறு?

4. இக்கட்டுரையை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர்க்குப் படித்துக் காட்டி, அவர் கேட்கும் ஒரு வினாவை எழுதி வருக.

தலைமையாசிரியர்